ஃபூர்கா, கிறிம்செல், சுஸ்டென்: மூன்று கணவாய்ச் சைக்கிள் பாதை, வன்னியிலிருந்து செல்பவருக்காக

சுவிற்சர்லாந்தின் அன்டர்மாட் என்னும் மலையூரில் தொடங்கி, ஃபூர்கா, கிறிம்செல், சுஸ்டென் ஆகிய மூன்று கணவாய்களையும் ஏறி இறங்கி, மறுபடியும் அன்டர்மாட்டுக்கே வந்து சேரும் பாதை ஏறத்தாழ 120 கிலோமீற்றர் நீளமானது. தூரத்தை மட்டும் பார்த்தால் கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்குப் போய், திரும்பி மாங்குளம் வரை வருவதைப் போன்றதுதான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் ஏறவேண்டிய உயரத்தைக் கூட்டினால் 3,500 மீற்றரை ஒட்டி வருகிறது. ஃபூர்காவின் உச்சி 2,429 மீற்றர். நம் தீவின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகலையே 2,524 மீற்றர்தான். இரணைமடுக் குளக்கட்டில் ஏறுவதைத் தவிர வேறு ஏற்றம் அறியாத வன்னிப் பிள்ளைகளில் பலருக்கு அந்த நாட்டில் உறவினர் இருக்கிறார்கள். கோடையில் போகும்போது இந்தப் பாதையில் ஓட முடியுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். என் மச்சான் குடும்பத்தோடு தங்கியிருந்து ஓடிப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஏற்றத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை என்பதே என் முடிவு. பரந்தனிலிருந்து ஆனையிறவு நோக்கி எதிர்க்காற்றில், ஒதுங்க ஒரு மரநிழலும் இல்லாமல், ஒரே வேகத்தில் மிதித்துப் பழகியவருக்கு ஏழு எட்டு வீதச் சரிவு புதிய வேதனை எதையும் தருவதில்லை. காற்றும் மலையும் கேட்பது ஒன்றையே: அவசரப்படாமல், மூச்சை அளந்து, மணிக்கணக்கில் அதே பலத்தைக் கொடுத்துக்கொண்டிருத்தல். நமக்கு முற்றிலும் பழக்கமில்லாதது இறக்கம். மிதிக்காமல் பத்து இருபது கிலோமீற்றர் கீழே பாயும் அனுபவம் வன்னியில் எங்கும் கிடைக்காது. ஆகவே ஆயத்தத்தின் பெரும்பகுதியை இறங்குவதற்கே ஒதுக்க வேண்டும்.

அன்டர்மாட்டிலிருந்து றெயால்ப் வரையான முதல் ஒன்பது கிலோமீற்றர் பள்ளத்தாக்கின் சமதரை. கால்களைச் சூடாக்கிக்கொள்ள நல்லது. றெயால்பைத் தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து மேலேறி, பிறகு மலைச்சரிவின் குறுக்கே நீண்ட கோடாகச் செல்கிறது. பன்னிரண்டு கிலோமீற்றருக்குள் 890 மீற்றர் ஏற்றம். வீதி ஒடுக்கமானது, பல இடங்களில் வேலிக்குப் பதிலாக இடைவெளி விட்டு நட்ட கற்கள் மட்டுமே ஓரத்தில் நிற்கின்றன. உச்சியை நெருங்கும்போது மூச்சு குறுகுவதை உணரலாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைவிடக் கால்பங்கு குறைவு. கடல்மட்டத்திலேயே வாழும் நாம் ஓர் இரவாவது அன்டர்மாட்டில் தங்கிவிட்டு ஓடுவது புத்திசாலித்தனம்.

உச்சிக்கு அப்பால் றோன் பனியாறு வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் கீழே கிளெட்ச் பள்ளத்தாக்கு வரை நீண்டிருந்த இந்தப் பனியாறு, இன்று மேலே பாறைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கிறது. பனி உருகுவதைத் தாமதப்படுத்த, கோடையில் அதன் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் மூடுகிறார்கள். குளத்து நீர்மட்டத்தை நாள்தோறும் பார்த்து வாழும் ஊரிலிருந்து போனவனுக்கு, ஒரு பெரிய நதியின் பிறப்பிடம் இப்படித் துணிபோர்த்திக் கிடப்பதைப் பார்த்து விரைவாகக் கடந்துபோக மனம் வரவில்லை.

ஃபூர்கா உச்சியிலிருந்து கிளெட்ச் வரையான பத்துக் கிலோமீற்றர் இறக்கம்தான் வன்னிக்காரருக்கு உண்மையான பரீட்சை. அந்த நாட்டில் வாகனங்கள் வலப்பக்கமாகச் செல்கின்றன. ஏறும்போது நினைவில் இருக்கும் இந்த விதி, கொண்டையூசி வளைவில் வேகமாகத் திரும்பும்போது மறந்துபோகும். இடப்பக்கம் ஒதுங்கும் நம் உடற்பழக்கம் அங்கே எதிரே வரும் வாகனத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டாவது, பிறேக். அங்கே பொதுவாக முன்சக்கரப் பிறேக் இடக்கையில் இருக்கும்; நம்மூர்ச் சைக்கிளில் வலக்கையில் இருப்பது வழக்கம். வாடகைக் கடை வாசலிலேயே இரண்டு பிடிகளையும் தனித்தனியே அழுத்திப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிறேக்கை விட்டுவிட்டு, பார்வையை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால், ரிம்மில் பிடிக்கும் பிறேக் என்றால் ரிம் சூடேறி ரியூப் வெடிக்கவும்கூடும். விட்டுவிட்டுப் பிடிப்பதே முறை. டிஸ்க் பிறேக் உள்ள சைக்கிளை, கூடுதல் காசு கொடுத்தேனும் எடுக்கச் சொல்வேன்.

குளிரையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைகிறது. ஏறும்போது வியர்த்து நனைந்த சட்டையோடு அப்படியே இறங்கினால், விரல்கள் விறைத்து, பிறேக்கை அழுத்தும் பலம் போய்விடும். முழுவிரல் கையுறையும் காற்றுப் புகாத மெல்லிய மேற்சட்டையும் ஆடிமாதத்திலும் பையில் இருக்க வேண்டும். உச்சியில் நின்று அவற்றை அணிந்த பிறகே இறங்க வேண்டும்.

கிறிம்செலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கிளெட்ச்சிலிருந்து ஏற்றம் ஆறு கிலோமீற்றர்தான்; திரும்பிப் பார்த்தால் சற்றுமுன் இறங்கி வந்த ஃபூர்கா வளைவுகள் முழுவதும் எதிர்மலையில் தெரியும். மறுபுறம் நீர்மின் அணைகளையும் தேக்கங்களையும் கடந்து, 625 மீற்றர் உயரத்தில் உள்ள இன்னெர்ட்கிர்ஹென் வரை 26 கிலோமீற்றர் இறங்க வேண்டும். அழகு குறைவில்லை, ஆனால் வாகன நெரிசலும் உண்டு.

சுஸ்டென்தான் இந்தப் பாதையின் உயிர். மோட்டார் வாகனங்களுக்கென்றே திட்டமிட்டு 1938இல் கட்டத் தொடங்கி, 1946இல் திறக்கப்பட்ட வீதி இது. அதனால் மற்ற இரண்டையும்விட அகலமானது, சரிவும் சீரானது. 28 கிலோமீற்றரில் 1,600 மீற்றர் ஏற்றம். காட்மென் ஊர்ப்பகுதியில் சற்று இளைப்பாறக் கிடைக்கும். அதன்பின் பாறையைக் குடைந்த சிறு சுரங்கங்கள், கல்பாலங்கள், ஸ்டைன் பனியாறு என ஒவ்வொரு வளைவும் ஒரு புதிய காட்சியைத் திறக்கிறது. மூன்றாவது மலை என்பதால் களைப்பு இங்கேதான் கணக்குக் கேட்கும். முன்பற்சக்கரத்தில் 34 பல், பின்பற்சக்கரத்தில் 32 பல் என்ற கியர் இருந்தால், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தாலே மணிக்கு ஒன்பது கிலோமீற்றருக்கு மேல் நகரலாம். நம்மூர்ப் போட்டிச் சைக்கிள்களின் சிறிய பின்பற்சக்கரங்களோடு இங்கே வரக்கூடாது, முழங்கால் போய்விடும். கிராமத்து நீர்த்தொட்டிகளில், குடிக்கலாகாது என்ற அறிவிப்பு இல்லாதவிடத்து, போத்தலை நிரப்பிக்கொள்ளலாம். உணவுக்குக் கடைகளை நம்பாமல் பாணும் வாழைப்பழமும் கொண்டுபோவது மேல். முறிகண்டிக் கச்சான் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தால் அதுவும் நன்றாகவே பயன்படும்.

கணவாய்கள் பொதுவாக யூனிலிருந்து ஒக்ரோபர் வரையே திறந்திருக்கும். பனி விழுந்தால் இடையிலும் மூடுவார்கள். சனி, ஞாயிறுகளில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் மலையை நிறைத்துவிடுவதால், வாரநாளில் விடியற்காலையில் புறப்பட வேண்டும். மஞ்சள் நிறத் தபால் பஸ் மூன்று சுரத்தில் ஊதுவது கேட்டால் ஒதுங்கி வழிவிட வேண்டும். மலைத் தபால் வீதி என்று பலகை இட்ட இடங்களில் அதன் சாரதியின் சைகைக்குக் கட்டுப்படுவது சட்டம். நான் வாடகைக்கு எடுத்த சைக்கிளின் பிறேக் கட்டைகள் தேய்ந்திருந்தன. கேட்டதும் மாற்றித் தந்தார்கள். கேட்காமல் எடுத்துப்போகாதீர்கள்.

சுஸ்டெனிலிருந்து வாஸெனுக்கு இறங்கிய பின், கோஷெனன் வரை மறுபடி ஏறவேண்டும். அதற்கப்பால் அன்டர்மாட் செல்லும் ஷோலெனன் மலையிடுக்கு செங்குத்தானது. வாகனங்கள் நெருங்கி வரும் கூரையிட்ட வீதிப்பகுதிகளும் அங்கே உண்டு. 1917இலிருந்து ஓடும் பற்சக்கரப் புகையிரதம் கோஷெனனிலிருந்து சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு சிறிது நேரத்தில் அன்டர்மாட்டில் இறக்கிவிடும்; களைத்த கால்களோடு வருபவருக்கு அதையே பரிந்துரைக்கிறேன். சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். கட்டாயம் மிதித்தே முடிப்பேன் என்பவர், பகலாயினும் பின்விளக்கை எரியவிட்டே அந்தக் கூரைகளுக்குள் நுழைய வேண்டும்.