மொட்டமாடி சோலார், ஆறு வருசம் கழிச்சு: பில்லு கொறஞ்சது, கரண்ட் கட்டு கொறயல

வீடு மதுர ஒத்தக்கடை, மாடில நின்னா யானைமலை எதுத்தாப்புல. 2019 ஆவணில 3 கிலோவாட் ஆன்கிரிட் சோலார் (தெரு லைனோட சேந்து ஓடுறது) போட்டேன், 335 வாட் பேனல் ஒம்போது. பில்லுக்காகன்னு சொல்லிக்கிட்டாலும் உண்மையான காரணம் 2012ல பட்ட பாடு தான், ஒரு மணி நேரம் இருந்தா அடுத்த மணி நேரம் இருக்காது, ராத்திரி பூரா பனமட்ட விசிறியோட உக்காந்திருப்போம். சோலார் வந்துட்டா அந்தக் கத நமக்கு இல்லன்னு நெனச்சேன்.

மாட்டுன மூணாம் நாளு, மண்டையப் பொளக்குற வெயிலு, மத்தியானம் 12 மணிக்கு தெருவுல கரண்ட் போச்சு, எங்க வீட்லயும் போச்சு. அம்மா கேட்டுச்சு, "என்னடா இம்புட்டு காச கொட்டி மாடில கண்ணாடியா மாட்டி வச்சிருக்க, மிக்சி கூட ஓடல?" மாட்டுனவருக்கு போனப் போட்டா (பேரு வேணாம்) "ஆன்கிரிட்னா அப்படித்தாண்ணே"ங்கிறாரு அசால்ட்டா. காசு வாங்கும்போது சொல்லிருக்கலாம்ல.

ஆனா விசயம் நியாயந்தான். லைன ஆஃப் பண்ணிட்டு ஒருத்தரு போஸ்ட்ல ஏறி நிக்கயில நம்ம மாடி கரண்ட் அவரு கையில பாயக்கூடாதுல்ல, அதுக்குத்தான் லைன் போன ரெண்டு செகண்டுக்குள்ள சோலாரும் கழண்டுக்குது. திரும்ப வந்தாலும் உடனே சேராது, சோலார் இன்வெர்ட்டர் (பேனல் கரண்ட வீட்டு கரண்டா மாத்துற பொட்டி) டிஸ்ப்ளேல 300 செகண்ட்ல இருந்து ஒவ்வொண்ணா எறங்கும், பூஜ்யம் வந்தப்புறம் உள்ள டக்குனு ரிலே சத்தம்.

அதனால கட்டாகுற நேரத்துல இன்னைக்கும் கைகுடுக்குறது பழைய 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி தான். மூணு மாசத்துக்கு ஒருக்கா டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், மறந்தா போச்சு, நான் மறந்துதான் ஒரு பேட்டரிய மூணே வருசத்துல கொன்னேன். பழைய ஃபேனு 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேனு 30 வாட்டு தான், ரெண்டு ஃபேன மாத்துனதும் அதே பேட்டரி ரெண்டு மடங்கு நேரம் நின்னுச்சு. சோலார விட இதுதான் வீட்ல பேரு வாங்குச்சு!

உற்பத்தி பத்தி கொற சொல்ல முடியாது, ஆவரேஜா ஒரு நாளைக்கு 12 யூனிட்டு. கூத்து என்னன்னா அக்னி நட்சத்திரத்துல அள்ளிக் குடுக்கும்னு பாத்தா மாசி பங்குனில தான் நல்லா வருது, பேனல் சூடாக சூடாக டிகிரிக்கு 0.4 சதவீதம் கிட்ட விட்டுக்குடுக்குதாம். ஐப்பசி கார்த்திகைல படுத்துரும். ரெண்டு மாசத்துக்கு 700 யூனிட் ஓடுற வீடு, இப்ப லைனுக்கு நாம அனுப்புனத நெட் மீட்டர்ல கழிச்சுப் பாத்தா பெரும்பாலும் 100க்குள்ள, ஃப்ரீ யூனிட்லயே அடங்கிருது.

எனக்கு ரொம்ப பிடிச்சது அந்த சின்ன டிஸ்ப்ளே தாங்க, ஃப்ரீக்வன்சி (கரண்ட் செகண்டுக்கு எத்தன சுத்து அடிக்குதுங்கிறது), வோல்டேஜ் ரெண்டும் ஓடும். ஃப்ரீக்வன்சி எப்ப பாத்தாலும் 49.97, 50.02ன்னு ஒட்டியே நிக்கும். 2013 டிசம்பர் 31ல ராய்ச்சூர் சோலாப்பூர் 765 கேவி லைன் வழியா தெக்கத்தி கிரிட்ட (மின் வலைய) மத்ததோட கோத்ததுல இருந்து நாடு முழுக்க ஒரே ஃப்ரீக்வன்சி, டெல்லில என்னவோ அதே தான் ஒத்தக்கடைலயும். அதுக்கு முன்னாடி நாம தனி, அதான் 2012 ஜூலை கடைசில வடக்க பூராம் இருண்டு கெடந்தப்ப நமக்கு அது தெரியவே இல்ல (நமக்குத்தான் சொந்தமாவே இருட்டு இருந்துச்சே). ஆனா வோல்டேஜு? சாயங்காலம் தெரு பூரா ஏசி போட்டா 195, ஞாயித்துக்கிழம மத்தியானம் அப்பல்லாம் 256. நம்ம தெருவோட சமாச்சாரம்!

இந்த 256 தான் என்னைய படாதபாடு படுத்துச்சு. மூணாவது வருசம் பக்கத்துல ரெண்டு வீடு சோலார் போட்டாங்க, மத்தியானம் இழுக்க ஆளில்லாம எல்லாரும் லைனுக்கு தள்ள, வோல்டேஜ் ஏறி 253ங்கிற வரம்ப தாண்டுனதும் என் சோலார் இன்வெர்ட்டர் நின்னுக்கும். நல்ல வெயில்ல சும்மா கெடக்கும், வயித்தெரிச்சல். இன்வெர்ட்டர் போயிருச்சு மாத்துங்கன்னாரு சோலார் மாட்டுன நம்மாளு. லைன் வேலைக்கு வந்த தம்பி ஒருத்தர் மேல ஒரு பார்வ பாத்துட்டு சொன்னாப்ல, "அண்ணே, போஸ்ட்ல இருந்து உங்க வீட்டுக்கு வர்ற சர்வீஸ் ஒயர் பழசு, மெல்லிசு, தூரமும் ஜாஸ்தி, இதுலயே ஏழெட்டு வோல்ட் ஏறும்." தடியான ஒயர் மாத்தி, மூணு சோலாரும் ஒரே ஃபேஸ்ல இருந்தத பிரிச்சு போட்டதும் 247ல நின்னுருச்சு. இன்வெர்ட்டர் அதே இன்வெர்ட்டர் தான், இன்னைய வரைக்கும் ஓடுது.

இப்ப புதுசா போடுறவங்களுக்கு 2024ல வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் இருக்கு, போடுங்க, ஆனா கரண்ட் கட்டுக்காகன்னா ஆன்கிரிட் வேணாம், பேட்டரியோட ஹைபிரிட் கேளுங்க. அதுக்கும் முன்னாடி ஒரு வாரம் மத்தியானமும் சாயங்காலமும் வீட்டு வோல்டேஜ ஒரு தாள்ல எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் கொட்டேசன் வாங்குங்க.

எங்க பேட்டரி அடுத்த வருசம் தாங்காது, அப்ப லித்தியத்துக்கு மாறலாம்னு இருக்கேன். அம்மாவுக்கு எதுலயும் நம்பிக்க இல்ல. பேப்பர்ல மாதாந்திர பராமரிப்பு மின்தடைல ஒத்தக்கடைன்னு பாத்துட்டா முந்தின நாள் ராத்திரியே மாவாட்டி வச்சிரும், நாளைக்கும் இருக்காம், கீழ கிரைண்டர் ஓடிக்கிட்டு இருக்கு.