பாட்டிக்கு நினைவு மலர்: பிரிக்பீல்ட்ஸ் அச்சுக் கடைகளில் எதை ஒப்படைக்கலாம், எதை ஒப்படைக்கக்கூடாது

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்து அச்சுக் கடைகளில் திருமண அழைப்பிதழ் அடிக்கிற அதே மேசையில்தான் நினைவு மலரும் தயாராகிறது. தொண்ணூறு தாண்டி வாழ்ந்த பாட்டியின் 16-ஆம் நாள் காரியத்தில் கொடுக்க ஏ5 அளவில் 24 பக்கம் வேண்டும் என்றால் நேரத்துக்கு முடித்துக் கொடுத்துவிடுவார்கள். அச்சில் பெரிய குறை சொல்ல முடியாது. படத்தையும் எழுத்தையும்தான் கடைக்காரரிடம் விட்டுவிடக்கூடாது.

முதலில் படம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்ப வேண்டும். ஏ5 முழுப் பக்கத்துக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 1748 x 2480 பிக்சல் தேவை. பாட்டியின் பழைய 3.5 x 5 செ.மீ. பாஸ்போர்ட் படம் மட்டும்தான் இருக்கிறதா? 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650 x 2360 வரும். அரைப் பக்கத்துக்குத் தாராளம், முழுப் பக்கம் கொஞ்சம் மங்கும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள். பல் இடுக்கு நூலை அடியில் விட்டு மெல்ல அறுத்தால் வந்துவிடும். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைக் கண்ணாடியோடே ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது பல கடைகளில் ஏஐ வைத்துப் படத்தைப் ‘புதுப்பிக்கிறார்கள்’. சுருக்கமும் கீறலும் மறையும். கூடவே மூக்குத்தியும் மறையும். கையில் குத்திய பச்சையை அழுக்கென்று துடைத்துவிடும், பாம்படம் போட்டுத் தொங்கிய காதைச் சாதாரணக் காதாக்கிவிடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றினால் சேலை என்ன நிறம் என்று யாரும் சொல்லித் தராமலேயே அது ஒரு நிறத்தைப் பூசிவிடும். போதாக்குறைக்கு முகத்தை வெளுப்பாக்குவது பல கடைகளில் கேட்காமலே நடக்கிறது. ‘கீறல் மட்டும் எடுங்கள், முகத்தைத் தொடாதீர்கள், நிறம் ஏற்றாதீர்கள்’ என்று எழுதிக் கொடுங்கள். கறுத்த முகம் அச்சில் இன்னும் கறுப்பாக விழும் என்பது உண்மைதான். அதற்கு நடுத்தர நிழலை (‘மிட்டோன்’) மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் போதும். திரையில் பார்த்துச் சரி சொல்லாமல், அதே தாளில் ஒரு பக்கம் அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்து எழுத்து. கடையில் தயாராக ஒரு வாழ்க்கைக் குறிப்பு இருக்கும்: ‘அன்பின் சிகரம், பாசத்தின் ஊற்று’. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். அதை எடுத்துவிட்டு எந்தத் தோட்டம், எந்த லயம் (தோட்டத்து வரிசை வீடு), எத்தனை மணிக்குப் பால்மரம் வெட்டப் போனார், எந்தப் பிள்ளை எங்கே பிறந்தது என்று எழுதுங்கள். கப்பலில் வந்தவர் என்றால் நாகப்பட்டினமா சென்னையா, எங்கே இறங்கினார், யாரோடு வந்தார். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் காலத்தில் வீட்டு ஆண்களில் யாராவது சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குப் போனார்களா, திரும்பினார்களா. இதைச் சொல்லக்கூடியவர்கள் 70 வயது தாண்டிய மகளும் தங்கையும்தான். காரியம் முடிந்தால் ஆளாளுக்கு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், முதல் வாரத்திலேயே கேட்டு ஃபோனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வயதில் சண்டை வரும். ஐசி என்கிற மலேசிய அடையாள அட்டை எண்ணின் முதல் 6 எண்கள் பிறந்த தேதி, அடுத்த 2 எண்கள் பிறந்த இடம்: 07 பினாங்கு, 08 பேராக், 10 சிலாங்கூர். ஆனால் 1948-இல் அவசரகாலத்தின்போது முதன்முதலாக அடையாள அட்டை கொடுத்தபோது பலர் குத்துமதிப்பாகத்தான் வயது சொன்னார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் ‘பதிவுப்படி 94, குடும்பக் கணக்கில் 96’ என்று இரண்டையும் போடுவதே நேர்மை. ஐசி எண்ணை மட்டும் மலரில் அச்சடிக்காதீர்கள்.

பெயர்ப் பட்டியலில்தான் குடும்பம் உடையும். விட்டுப்போனது மருமகனாக இருக்கும், இல்லையென்றால் பாட்டிக்கு முன்பே போன பிள்ளையாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு ‘அமரர்’ போட்டு வயது வரிசையிலேயே வையுங்கள், கடைசியில் தள்ளக்கூடாது. ஒவ்வொரு கிளையிலும் ஒருவர் தம் பகுதியைப் படித்துக் கையெழுத்துப் போடட்டும்.

கடையில் தமிழ் உடைவது இன்னொரு தலைவலி. யூனிகோடில் தட்டிய எழுத்தை பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் ஒட்டும்போது ‘வேர்ல்ட் ரெடி’ கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் கொம்பு இடம் மாறி, ‘கொள்ளுப்பேரன்’ படிக்க முடியாமல் போகும். பிழை திருத்தும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம் வரும் சொற்களை முதலில் பாருங்கள்.

தாள் விஷயம் எளிது. உள்ளே 128 அல்லது 157 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேட் ஆர்ட் பேப்பர், அட்டை 260 ஜிஎஸ்எம். பளபளப்பான தாள் மண்டப விளக்கில் கண்ணைக் கூசும். நடுவில் பின் அடிப்பதால் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். 22 பக்கம் எழுதிக் கொண்டுபோனால் மீதி 2 பக்கத்தில் கடைக்காரர் குத்துவிளக்குப் படம் போட்டு நிரப்புவார். எழுத்து 12 பாயிண்டுக்குக் குறையக்கூடாது, படிக்கப் போவது பெரியவர்கள். சில நூறு பிரதிக்குள் டிஜிட்டல் அச்சே மலிவு. ஆஃப்செட்டில் பிளேட் செலவு சேரும்.

இறந்த நாளை முதல் நாளாகக் கணக்கிடும் குடும்பத்தில் கையில் இருப்பது 15 நாள்தான். 5-ஆம் நாளுக்குள் படம், 8-ஆம் நாளுக்குள் எழுத்து, 10-ஆம் நாள் மாதிரிப் பிரதி, 12-ஆம் நாள் அச்சு. இடையில் பொது விடுமுறை வந்தால் இன்னும் 2 நாள் முன்னே தள்ளுங்கள்.

பணம் கட்டும்போதே அச்சு பிடிஎஃப், திருத்தக்கூடிய வடிவமைப்புக் கோப்பு, ஸ்கேன் செய்த மூலப் படங்கள் மூன்றையும் பென்டிரைவில் கேட்டு வாங்கிவிடுங்கள். முதலாண்டுத் திதிக்கு இன்னும் 50 பிரதி அடிக்கப் போனால், கணினியை மாற்றிவிட்டோம் என்ற பதில் வரலாம். மூலப் படங்களையும் எண்ணி வாங்குங்கள், கடை உறையிலேயே ஒன்று தங்கிவிடும்.