வெள்ளவத்தையில விஆர் மைண்ட்ஃபுல்னஸ் செஷன்: ஹெட்செட்ட விட கிளிப் நல்லம்

ஏஎல் எடுக்கப்போற தங்கச்சிக்கு மொடல் பேப்பர் எண்டாலே கை குளிர்ந்து வயித்தப் பிரட்டும், அதால காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கையில இருக்கிற, மூச்சைக் கவனிச்சு மனச ஆறுதலாக்கப் பழக்கிற இந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். குறையும் சொல்லப்போறன், அதால பேர் போடேல்ல.

தலையில மெட்டா குவெஸ்ட் 2 எண்ட விஆர் ஹெட்செட், அதாவது கண்ணை மறைச்சு வேற இடத்தில நிக்கிற மாதிரிக் காட்டுற கருவி, மாட்டி விரல்ல ஒரு கிளிப் போடுவினம், கொரோனா நேரம் ஒக்சிஜன் பாக்க வச்சிருந்தமே அத மாதிரித்தான், ஆனா இது ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் இடையில எவ்வளவு நேரம் போகுது எண்டு பாக்குது. உள்ளுக்க ஒரு ஏரி, மேல முழுக்கப் பனி. மூச்சு ஆறுதலாகித் துடிப்பு ஒழுங்கா ஏறி இறங்க வெளிக்கிட்டா பனி விலகும், பதறினா திரும்ப மூடும்.

மூச்ச இழுக்கேக்க துடிப்பு கொஞ்சம் கூடும் விடேக்க குறையும், அது எல்லாருக்கும் நடக்கிறதுதான். சும்மா இருக்கேக்க நாங்க நிமிசத்துக்கு 12ல இருந்து 20 தரம் மூச்சு விடுறம், அத 6க்குக் கிட்டக் கொண்டு வந்தா, இழுக்க அஞ்சு செக்கன் விட அஞ்சு செக்கன், அந்த ஏற்ற இறக்கம் நல்லாப் பெருசாகும், பனி விலகிறதும் அதாலதான். துடிப்ப ஆறுதலாக்கிற வேகஸ் நரம்பாலதான் இது நடக்குது எண்டு சொன்னோடன தங்கச்சி டக்கெண்டு பிடிச்சிட்டா, பயோ பிள்ளை தானே. பதறாத பதறாத எண்டு அம்மா எத்தின தரம் சொல்லியும் ஏறாதது, தன்ட துடிப்பு இறங்கிறதக் கண்ணால கண்டோடன ஏறிட்டுது. இதுக்கு முழு மார்க்ஸ்.

ஹெட்செட் தான் சரியில்ல. அரைக் கிலோவுக்கு மேல பாரம், கொழும்பு வெக்கைக்கு ஏசி போட்டும் முகம் வேர்க்குது, எங்களுக்கு முதல் ஆரோ போட்டுக் கழட்டின ஈரத்தோடயே தந்தவை, கேட்டாப் பிறகுதான் துடைச்சவை. காட்சி அசையேக்க எனக்குத் தலை சுத்தினது. குரலும் முழுக்க அமெரிக்கன் இங்கிலிஷ், தமிழ் மீடியம் பிள்ளை பாதி நேரம் என்ன சொல்லுது எண்டு யோசிச்சே டென்ஷனாகுது. ஒழுங்கைக் கடைசியில உண்மையான கடல் இருக்கு, இவை காசு வாங்கிக் காட்டுறது வெளிநாட்டு ஏரி!

விலை ஒரு பாட டியூஷனுக்கு மாசம் குடுக்கிற காசுக்குக் கிட்ட. பழகிறதுக்கு ஒண்டு ரெண்டு தரம் போகலாம், மாசக்கணக்காப் பக்கேஜ் எடுக்கத் தேவையில்ல, தங்கச்சி இப்ப பேப்பர் திறக்க முதல் மணிக்கூட்டப் பாத்து அதே மூச்சைத்தான் விடுறா. இன்னொண்டு, அங்க நிக்கிற பிள்ளை மெஷின் போடத் தெரிஞ்சவ, கவுன்சிலர் இல்ல. நித்திரையே இல்ல, சாப்பாடு இறங்கேல்ல எண்ட நிலமை எண்டா இத நம்பி இருக்காம தேசிய மனநல நிறுவகத்தின்ட 1926க்கு எடுங்கோ.

ஹெட்செட் இல்லாம கிளிப் மட்டும் போட்டு அரை விலைக்குச் செய்ய ஏலுமோ எண்டு கேட்டன். பொஸ்ஸிட்டக் கேட்டுச் சொல்றம் எண்டவை, இன்னும் சொல்லேல்ல.