செதுக்குக் கத்தி வாங்குவோர் கவனத்திற்கு: காரைக்குடியில் நான் ஏமாந்த 2,400 ரூபாய்

பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் நிலைக்கதவுக்கு மேலே, கஜலட்சுமியின் அடியில் ஓடும் தாமரை வரிசையில் இரண்டு இதழ்கள் பெயர்ந்துபோயிருந்தன. பர்மாத் தேக்கில் செய்த அந்த வேலைப்பாட்டை நானே சரிசெய்ய விரும்பி, கடந்த தை மாதம் காரைக்குடியில் ஒரு கருவிக் கடையில் ஆறு செதுக்குக் கத்திகள் அடங்கிய பெட்டியை 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். பழகுவதற்குக் குமிழ் மரமும் வேம்பும், பிறகு தேக்கும் செதுக்கப் போகிறேன் என்று நான் தெளிவாகச் சொல்லியும், “எந்த மரமானாலும் இந்த செட் போதும் அண்ணே, ஹை கார்பன் ஸ்டீல்” என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுத்தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்; நான் அப்போதே விழித்திருக்க வேண்டும்.

குமிழ் மென்மையான மரம் என்பதால் அதில் கத்தி நன்றாகவே ஓடியது, அதுவே என்னை மேலும் ஏமாற்றியது. தேக்கில் வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, இழுக்க இழுக்க மரம் சீவப்படாமல் பிய்ந்து வந்தது. கத்தியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது வாய், அதாவது வெட்டும் விளிம்பு, நெடுகிலும் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னியது. கூரான வாயில் வெளிச்சம் தங்காது. மின்னுகிறது என்றால் வாய் மடங்கிவிட்டது என்று பொருள்.

எங்கள் ஊர்க் கொல்லரிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் பழைய அரம் ஒன்றை எடுத்து அலகின் ஓரத்தில் ஓர் இழுப்பு இழுத்தார். அரம் வெண்ணெயைப் போல இரும்பைக் கடித்தது. “தோய்ச்சலே வைக்கலையே தம்பி, வெறும் பாலிஷ்தான்” என்றார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்துக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். நன்றாகத் தோய்ச்சல் வைத்த அலகில் அரம் கடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும்.

என் பங்குக்கும் ஒரு தவறு உண்டு. குமிழ் போன்ற மென்மரத்துக்கு 20 பாகை அளவில் சாய்த்துத் தீட்டிய மெல்லிய வாய் வேண்டும், தடித்த வாய் நாரை நசுக்கிவிடும். தேக்கில் இயல்பாகவே உள்ள சிலிக்கா எந்த வாயையும் விரைவில் மழுக்குவதால், அதற்கு 25 முதல் 30 பாகை வரை தடிப்பாகத் தீட்ட வேண்டும். வேம்பின் ரேகை பின்னிக்கொண்டு ஓடுவதால், ஒரே இழுப்பில் ஆழமாகப் போகாமல் மெல்லிய சீவல்களாக எடுப்பதே நல்லது. பெட்டியிலிருந்த ஆறு கத்திகளும் ஒரே சாய்வில் தீட்டப்பட்டிருந்ததை வாங்கும்போதே நான் கவனிக்கவில்லை. ஆனால் எவ்வளவு சரியாகத் தீட்டினாலும் தோய்ச்சல் இல்லாத இரும்பில் கூர் நிற்காது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது, “தேக்குல போட்டா மடங்கத்தான் செய்யும்” என்றார், எந்த மரத்துக்கும் ஆகும் என்று சொன்ன அதே மனிதர். ரசீது தர மறுப்பது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கையில் துண்டுத்தாள் மட்டுமே இருப்பதால் பணம் திரும்பும் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லை.

கொல்லர் பழைய அரத்தை அடித்துச் செய்து கொடுத்த இரண்டு கத்திகளில்தான் இப்போது இதழ்களைச் செதுக்குகிறேன். சிவப்பு வெல்வெட் விரித்த மரப்பெட்டி, வார்னிஷ் மினுக்கும் பிடிகள், பிடி பிளக்காமல் இறுக்கும் உலோக வளையமான பூண் கிடையாது: கடையில் இப்படி ஒரு பெட்டியைக் காட்டினால், பணத்தை எடுக்குமுன் ஓர் அரத்தைக் கேட்டு வாங்கி ஓரத்தில் இழுத்துப் பாருங்கள். போன வாரம் அந்த வழியாகப் போனேன், அதே கண்ணாடி அலமாரியில் அதே பெட்டி இருந்தது, விலை மட்டும் 2,600 ஆகியிருந்தது.