எடின்பரோவில் பேய் நடைக்குப் பணம் கட்டும் முன்

ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குப் போகிறவர்கள், அங்கே பேய்க்கதை சொல்லியபடி ஊரைச் சுற்றிக்காட்டும் மாலை நேரப் பேய் நடைக்கு முன்பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் நான்கு பேர் 92 பவுண்டு கட்டினோம். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 10,000 ரூபாய். பேய் வரவில்லை என்று புகார் சொல்ல வரவில்லை. பேயை வரவழைப்பதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு பூட்டுகளைத் திறந்து காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். இரண்டுக்கும் அவர்களிடம் சாவியே இல்லை.

மகள் அங்கே முதுகலை படிக்கிறாள். ஜூலை முதல் வாரம் அவளைப் பார்க்க நானும் மனைவியும் போனோம். மனைவியின் அக்காவும் உடன் வந்திருந்தார். அக்காவுக்கு வயது 66, இரண்டு முழங்காலிலும் வலி. ஆனால் பேய்க்கதை என்றால் அவருக்குச் சோறு வேண்டாம். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடு.

விளம்பரம் அழகாக இருந்தது. 90 நிமிட நடை, குழுவில் அதிகபட்சம் 20 பேர், சவுத் பிரிட்ஜின் அடியில் உள்ள நிலவறைகள், கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் பூட்டிக் கிடக்கும் சிறை. மெழுகுவத்தி எரியும் கல் அறையின் படம் ஒன்று, திறந்த இரும்புக் கதவின் படம் ஒன்று. நான் 31 ஆண்டு வங்கியில் தணிக்கை வேலை பார்த்தவன். அடுத்தவர் கையெழுத்திட்ட காகிதத்தில் எறும்பு ஊர்ந்தாலும் கண்டுபிடிப்பேன். சொந்தக் காசு கட்டும்போது கடைசி வரியைப் படிக்கவில்லை. அந்த வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த இரண்டு இடங்களுக்கும் ஏன் அவ்வளவு மதிப்பு என்பதைச் சொன்னால்தான் நாங்கள் இழந்தது புரியும். சவுத் பிரிட்ஜ் 1788-ல் திறக்கப்பட்ட பாலம். 19 வளைவுகள். கௌகேட் தெருவுக்கு மேலே இருக்கும் ஒன்றைத் தவிர மற்றவற்றை இருபுறமும் கட்டடங்கள் மறைத்துவிட்டன. பாலத்தின் மேல் நடக்கிறவருக்குச் சாதாரணக் கடைத்தெருவில் போவதாகத்தான் தோன்றும். அந்த மறைந்த வளைவுகளுக்குள் அறைகள் கட்டி, செருப்புத் தைப்பவர்கள், மதுக்கடைக்காரர்கள் போன்றவர்களுக்குக் கொடுத்தார்கள். மேலிருந்து நீர் இறங்காமல் காக்க வழி செய்யவில்லை. மழை கசிந்தது. தொழில் செய்தவர்கள் விட்டுப் போனார்கள். போக்கிடம் இல்லாத ஏழைகள் உள்ளே வந்தார்கள். பிறகு அறைகள் மூடப்பட்டு, ஊரே அவற்றை மறந்து, 1980-களில்தான் மறுபடி தோண்டினார்கள். பாலத்தை முதலில் கடக்கும் கௌரவத்தை ஊரின் மிக வயதான பெண்மணி ஒருவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்களாம். திறப்பதற்குள் அவர் இறந்துவிட, சொன்ன சொல் தவறக்கூடாது என்று அவருடைய சவப்பெட்டியை முதலில் கொண்டு போனார்கள் என்று அந்த ஊரில் ஒரு கதை உண்டு. அதைக் கேட்டதிலிருந்து அக்காவுக்கு நிலவறையைப் பார்த்தே ஆக வேண்டும்.

மாலை 8 மணிக்கு ராயல் மைல் தெருவில், செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தின் அருகே மெர்காட் கிராஸ் என்ற தூணருகே நிற்கச் சொன்னார்கள். நின்றோம். வெயிலில் கண் கூசியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டவே இல்லை. எடின்பரோவில் ஜூலைத் தொடக்கத்தில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகிறது. விளம்பரத்தில் இருந்த கரிய வானமும் விளக்கு வெளிச்சமும் குளிர்காலத்துக்குரியவை. இதைக்கூட யோசிக்காதது என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். அதன் பிறகு நடந்தவை என் தவறு அல்ல.

தலைகளை எண்ணினேன். பழக்கம். 43 பேர். கறுப்பு அங்கி அணிந்த ஒரு பையன் வந்தான், கல்லூரி மாணவன் வயது இருக்கும். கையில் ஒலிபெருக்கி கிடையாது. பின்னால் நின்ற எங்களுக்குப் பாதி வார்த்தைகளைக் காற்று கொண்டுபோய்விட்டது. மீதியைத் தெருவில் பேக்பைப் வாத்தியம் வாசித்தவர் கொண்டுபோனார். 20 பேர்தான் என்று போட்டிருந்ததே என்று மகள் கேட்டதற்கு, இரண்டு குழுக்களைச் சேர்த்துவிட்டார்கள், இன்னொரு வழிகாட்டி வரவில்லை என்றான். பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை ஏவியவர்கள்மேல்தான்.

சந்துகளை அந்த ஊரில் க்ளோஸ் என்கிறார்கள். செங்குத்தாகக் கீழே இறங்கும் கல்படிகள். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏற வேண்டும் என்றால் சரி. இங்கே 66 வயதில் இறங்க வேண்டியிருந்தது. படிக்கட்டுகள் இருப்பது பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை. பாதிப்படியில் முகமூடி போட்ட ஒருவன் கதவு மறைவிலிருந்து கத்திக்கொண்டு பாய்ந்தான். சிறுவர்கள் சிரித்தார்கள். அக்கா கைப்பிடிச் சுவரைப் பிடித்திருக்காவிட்டால் அன்று இரவு மருத்துவமனையில்தான் முடிந்திருக்கும். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை மட்டுமாவது மனத்தில் வையுங்கள்.

நிலவறை என்று அழைத்துப்போன இடம் ஒரு மதுக்கடையின் கீழ்த்தளம். சுவருக்கு வெள்ளை அடித்திருந்தது. மூலையில் பிளாஸ்டிக் எலும்புக்கூடு, அதன் பின்னால் முனகும் ஒலிப்பெட்டி. பையன் குரலைத் தாழ்த்தி, இங்கே விளக்கில்லாமல் வாழ்ந்து செத்தவர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, கடைப் பணியாளர் ஒருவர் மன்னிப்புக் கேட்டபடியே நடுவில் நுழைந்து எஃகு பீர் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு போனார். சவுத் பிரிட்ஜ் எங்கே என்று மகள் கேட்டாள். “ஏறக்குறைய இதே பகுதிதான்” என்றான். அங்கே இருந்தது 14 நிமிடம். அதில் 6 நிமிடம் மேலே போய்ப் பானம் வாங்கலாம் என்று விட்ட இடைவேளை.

அக்கா என்னிடம் மெல்லக் கேட்டார்: “தம்பி, நம் ஊர் ரேஷன் கடை குடோன் இதைவிட இருட்டாக இருக்குமே?”

கிரேஃபிரையர்ஸுக்கு வந்தோம். வாசலுக்கு வெளியே பாபி என்ற நாயின் சிலையருகே 12 நிமிடம். எசமானரின் கல்லறையைப் பல ஆண்டுகள் காத்து, 1872-ல் செத்துப்போன நாய் என்பது கதை. மூக்கைத் தடவினால் நல்லது என்று எவரோ கிளப்பிவிட்டதால் சிலையின் மூக்கு தேய்ந்து பளபளக்கிறது. 43 பேரும் வரிசையில் நின்று தடவினார்கள். பேய் நடையில் நாய்க்கு 12 நிமிடம்!

உள்ளே சில கல்லறைகளின்மேல் இரும்புக் கூண்டு போட்டிருக்கிறார்கள். செத்தவர்கள் எழுந்து வெளியே வராமல் இருக்க என்றான் பையன். எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே இருப்பவர்கள் உள்ளே போகாமல் இருக்கப் போட்ட கூண்டு அது. உடற்கூறியல் வகுப்புகளுக்குப் பிணம் போதாமல், புதைத்த உடல்களை இரவில் தோண்டி விற்ற காலம். அந்தத் திருட்டுக்குப் பயந்து உறவினர்கள் கூண்டு போட்டார்கள். உண்மை இவ்வளவு பயங்கரமாக இருக்கும்போது பொய் எதற்கு?

அடுத்து, பர்க்கும் ஹேரும் இதே கல்லறைகளைத் தோண்டிய திருடர்கள் என்றான். அவர்கள் ஒரு கல்லறையையும் தோண்டியதில்லை. 1827-ல் ஹேரின் விடுதியில் தங்கியிருந்த கிழவர் ஒருவர் 4 பவுண்டு வாடகை பாக்கியோடு நோயில் இறந்தார். பாக்கியை ஈடுகட்ட உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் வகுப்புக்கு விற்றார்கள். கிடைத்தது 7 பவுண்டு 10 ஷில்லிங். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அவர்களுக்குத் தோண்டும் உழைப்பு எதற்கு? 1828-ல் 16 பேரைக் கொன்று விற்றார்கள். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறித் தப்பினான். பர்க்கை 1829 ஜனவரி 28 அன்று தூக்கிலிட்டு, அவன் உடலையும் அறுத்துக் காட்டினார்கள். அவன் எலும்புக்கூடு இன்னும் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. லாபக் கணக்கிலிருந்து கொலை பிறந்த கதை இது. மண்வெட்டிக் கதையாகச் சுருக்கிவிட்டான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1724-ல் கிராஸ்மார்க்கெட்டில் தூக்கிலிடப்பட்டு, புதைக்கக் கொண்டு போகும் வழியில் பெட்டிக்குள் விழித்துக்கொண்ட மேகி டிக்ஸனின் கதையை அந்தப் பையன் அருமையாகச் சொன்னான். அந்த 5 நிமிடத்துக்கு நான் பணம் திருப்பிக் கேட்கவில்லை.

கடைசியாக, அந்தப் பூட்டிய சிறை. 1679 ஜூனில் பாத்வெல் பிரிட்ஜ் போரில் தோற்ற கவனன்டர்கள், அதாவது திருச்சபையில் அரசரின் தலையீட்டை ஏற்க மறுத்தவர்கள், ஏறக்குறைய 1,200 பேரை இந்தத் தோட்டத்தை ஒட்டிய திறந்த வெளியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். கூரை கிடையாது. பலர் பணிந்து கையெழுத்திட்டு வெளியேறினார்கள், சிலர் அங்கேயே இறந்தார்கள், மிச்சமிருந்தவர்களை நாடுகடத்தக் கப்பல் ஏற்ற, அது ஆர்க்னி தீவருகே உடைந்து பெரும்பாலோர் மூழ்கிப்போனார்கள். 1,200 பேரும் இங்கேயே செத்தார்கள் என்று பையன் ஒரே போடாகப் போட்டான். இவர்களை வழக்காடி ஒடுக்கிய ஜார்ஜ் மெக்கென்சி 1691-ல் இறந்து, இதே தோட்டத்தில் குவிமாடம் வைத்த சமாதியில் கிடக்கிறார். அவருடைய ஆவி பார்வையாளர்களைக் கீறுகிறது, தள்ளுகிறது என்பதுதான் ஊரின் புகழ்பெற்ற பேய்க்கதை. அந்தச் சிறைப் பகுதிக்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். அனுமதி பெற்ற சுற்றுலாவோடுதான் உள்ளே போக முடியும்.

எங்களுடையது அனுமதி பெற்ற சுற்றுலா அல்ல. கம்பிக்கு வெளியே நிறுத்திக் கதை சொன்னான். கம்பிக்கு வெளியே நிற்க யாருக்கும் காசு தேவையில்லை, தோட்டம் எல்லோருக்கும் இலவசம்தான். கதவு எப்போது திறக்கும் என்று ஒரு ஜெர்மன்காரர் கேட்டார். இன்று அனுமதி இல்லை என்றான். நாளைக்கு உண்டா என்று நான் கேட்டேன். சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

கடிகாரத்தைப் பார்த்தேன். 90 நிமிடம் 62 நிமிடத்தில் முடிந்திருந்தது. வானத்தில் இன்னும் வெளிச்சம். பையன் அங்கிக்குள்ளிருந்து அட்டை தேய்க்கும் கருவியை எடுத்தான். இனாம் 5, 10, 20 பவுண்டு என்று மூன்று பொத்தான்கள். வேறு தொகைக்கு வழி இல்லை. நடை முழுவதும் காணாத பயம் அப்போதுதான் கூட்டத்தின் முகத்தில் தெரிந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அறைக்கு வந்ததும் அந்தக் கடைசி வரியைப் படித்தேன். “செல்லும் இடங்கள் அன்றைய அனுமதியைப் பொறுத்து மாறக்கூடும்.” சாவி இல்லாதவன் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்தக் கதவையும் விற்கலாம். நட்சத்திர மதிப்பீடுகளையும் மறுபடி பார்த்தேன். முதலில் வருபவை பழையவை, புகழ்பவை. புதியதை முதலில் காட்டும்படி மாற்றியதும் “மதுக்கடை”, “பீப்பாய்”, “பூட்டு” என்ற சொற்கள் வரிசையாக வந்தன. முன்பே செய்திருக்க வேண்டிய தணிக்கை.

பணத்தைக் கேட்டால், நடத்தியவர்கள், நாங்கள் முன்பதிவு செய்த இணையதளத்தைக் கேள் என்கிறார்கள். அந்த இணையதளம் நடத்தியவர்களைக் கேள் என்கிறது. நான்காம் நாள் வந்த ஒரே பதில், அடுத்த நடைக்கு 20 சதவீதம் தள்ளுபடி. பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளையோ சேவையையோ கடன் அட்டையில் வாங்கினால் அட்டை நிறுவனமும் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். எங்களுடையது 92, அதுவும் மகளின் டெபிட் அட்டை. எனவே வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறக் கோரும் முறைதான் மிச்சம். விளம்பரத்தின் படத்தையும், பூட்டிய கதவருகே நேரத்தோடு எடுத்த புகைப்படத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். அப்படிப் புகைப்படம் எடுத்து வையுங்கள். போவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: எந்தத் தெருவின் கீழே உள்ள நிலவறை, சிறைக்கதவு எங்கள் நடையில் திறக்குமா, எத்தனை படிகள், அன்று சூரியன் எப்போது மறைகிறது. அந்த ஊரில் நிலவறைக்குள் உண்மையிலேயே அழைத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இதற்கு ஒரே வரியில் பதில் தருவார்கள். எங்களுக்கு விற்றவர்கள், இப்போது மகள் கேட்டுப் பார்த்தபோதும், “மறக்க முடியாத அனுபவம்” என்றே பதில் எழுதினார்கள்.

மறுநாள் காலை அக்காவின் முகம் வாடியிருந்ததால் சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே கண்ணாடிக்குள் கைக்கடக்கமான பழுப்பு நிறக் குறிப்பேட்டு உறை ஒன்று இருக்கிறது. பர்க்கின் தோலில் செய்தது. அக்கா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நேற்று அந்தப் பையன் இதைக் காட்டியிருந்தால், 20 பவுண்டு பொத்தானையே அழுத்தியிருப்பேன்” என்றார்.