பழைய பட்டடையா, புது வார்ப்பா, தண்டவாளத் துண்டா: எதற்கு எவ்வளவு கொடுக்கலாம்?

காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் பட்டடைக்கு 13,000 ரூபாய் கொடுத்தேன் என்றதும் வீட்டில் வந்த முதல் கேள்வி, "காயலான் கடை இரும்புக்கா இவ்வளவு?" என்பதுதான். நியாயமான கேள்வி. கோயம்புத்தூர் உக்கடம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்த பொருள் அது. வெறும் இரும்பாக எடை போட்டால் கிலோ 35 ரூபாய்தான் போயிருக்கும். மேலே கொடுத்தது எதற்கு என்று எனக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

என் வேலை பெரியதல்ல. களைக்கொத்து, மண்வெட்டி, அரிவாள் தட்டிக் கொடுப்பது, ஓய்வில் கத்தி செய்வது. அதற்கு என் முன்னால் இருந்தவை மூன்று: ஏதோ பழைய பட்டறையிலிருந்து வந்த அடித்துச் செய்த பட்டடை, புது வார்ப்பிரும்புப் பட்டடை, தண்டவாளத் துண்டு.

வார்ப்பைத்தான் முதலில் வாங்கினேன். கோயம்புத்தூரில் வார்ப்பாலைகளுக்குக் குறைவில்லை. 50 கிலோ, கிலோ 110 வீதம் 5,500 ரூபாய். பார்க்க நேர்த்தியாக, முனை மழுங்காமல் இருந்தது. ஆறு மாதத்தில் முகம், அதாவது வைத்து அடிக்கும் மேல்பரப்பு, முழுக்கச் சுத்தியல் தழும்பு. அந்தக் குழிகள் அப்படியே நான் அடிக்கும் தகட்டில் பதிய ஆரம்பித்தன. ஓரம் இரண்டு இடத்தில் பொரிந்து விழுந்தது. விற்கப் போனபோது பழைய இரும்பு விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. சாம்பல் நிற வார்ப்பிரும்பு அடி தாங்கும் பொருளே அல்ல. நான் கொடுத்த 5,500-ல் உருவத்துக்கான விலைதான் அதிகம்.

தண்டவாளத்தைக் குறைவாக மதிக்க மாட்டேன். அதன் உருக்கு நல்லது. 52 கிலோ தண்டவாளம் என்றால் ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 52 கிலோ, ஆக இரண்டடித் துண்டு 32 கிலோ வரும். படுக்க வைத்து அடித்தால் நடுவில் இருக்கும் மெல்லிய தண்டு அதிர்ந்து அடியைத் தின்றுவிடும். மரக்கட்டையில் குழி எடுத்து நிறுத்தி வைத்தால் அடிக்கு நேர் கீழே முழு எடையும் நிற்கும். முகம் சிறியது, சின்னக் கத்திக்குப் போதும். ஆனால் ரசீது இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் போட்ட சட்டம் இருக்கிறது. ஐந்து ஆண்டு வரை சிறை. முறையாக வந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் வைத்திருப்பவர்தான். ரயில்வே ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து பில்லோடு வந்தால் மட்டும் யோசிக்கலாம். எனக்கு 2,000 ரூபாய்க்குத் தர வந்தவரிடம் பில் இல்லை. விட்டுவிட்டேன்.

இனி பழைய பட்டடை. கடைக்காரர் சொன்னது 80 கிலோ, கிலோ 220, மொத்தம் 17,600. பக்கவாட்டில் துருவைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்ததும் 1, 1, 14 என்று மூன்று எண்கள் தெரிந்தன. பழைய இங்கிலாந்துப் பட்டடைகளில் எடையை இப்படித்தான் பொறிப்பார்கள். முதல் எண்ணை 112-ஆல் பெருக்க வேண்டும், இரண்டாவதை 28-ஆல், மூன்றாவதை அப்படியே கூட்ட வேண்டும், வருவது பவுண்டு. 112, 28, 14 சேர்த்தால் 154 பவுண்டு, அதாவது 70 கிலோ. நடு எண் 3-ஐயும் கடைசி எண் 27-ஐயும் தாண்டியிருந்தால் அது இந்தக் கணக்கே அல்ல. எண்ணைக் காட்டியதும் கடைக்காரர் தராசில் ஏற்றச் சம்மதித்தார். 70-க்குச் சற்றுக் குறைவாகவே நின்றது. அந்த ஒரு நிமிடத்தில் 2,200 ரூபாய் குறைந்தது.

ஆனால் எடையோ, பொறித்த பெயரோ விலையை முடிவு செய்யக் கூடாது என்பதுதான் என் கட்சி. இந்த வகைப் பட்டடையின் உடல் தேனிரும்பு, மிருதுவானது. மேலே அரை அங்குலம் அளவுக்கு எஃகுத் தகட்டை உலையில் பற்றவைத்து, தோய்த்துக் கடினமாக்கியிருப்பார்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த அரை அங்குலத்துக்கு. அது போனால் மீதி 65 கிலோவும் பழைய இரும்பு.

அதைச் சோதிக்க ஓர் அங்குல பேரிங் குண்டும் ஸ்கேலும் போதும். பத்து அங்குல உயரத்திலிருந்து குண்டைக் கைவிட்டு, எவ்வளவு திரும்பி எழுகிறது என்று பாருங்கள். முகம் கடினமாக இருந்தால்தான் குண்டு உயர எழும். என் பழைய வார்ப்பில் நாலு அங்குலம்கூட எழவில்லை. இந்தப் பட்டடையின் நடுவில் எட்டு. இரண்டு அங்குலத்துக்கு ஒரு தடவை முகம் முழுவதும் போட்டுப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் மட்டும் குண்டு ஐந்தில் செத்து நின்றது. எப்போதோ உடைந்த ஓரத்தை வெல்டிங் வைத்து நிரப்பியிருக்கிறார்கள், அந்தச் சூட்டில் சுற்றிலும் பதம், அதாவது கடினம், இறங்கியிருக்கிறது. அதைக் காட்டித்தான் கிலோ 190-க்குக் கீழே பேச முடிந்தது. வளைப்பதற்காகக் கூம்பாக நீண்டிருக்கும் கொம்புக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள படியில் போட்டுப் பார்த்து ஏமாறாதீர்கள், அது செய்யும்போதே மிருதுவாக விட்ட இடம். சதுரத் துளை இருக்கும் வால் பக்கமும் கீழே தாங்கல் இல்லாததால் சற்றுக் குறைவாகவே எழும்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், கொல்லுப் பட்டறை வைத்திருந்தவராம், சின்னச் சுத்தியலால் தகட்டின் விளிம்போரம் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். "சத்தம் ஒரே மாதிரி வருதாங்க கண்ணு? எங்கியாச்சும் பொத்துனு கேட்டா தகடு உட்டுப் போச்சுனு அர்த்தம். அத வாங்காதீங்க." என் பட்டடை கடைசி வரை மணி போல ஒலித்தது.

ஓரம் சிதைந்திருப்பதற்கு நான் அதிகம் கழிக்க மாட்டேன். கூர் ஓரத்தை எப்படியும் கொஞ்சம் உருட்டித்தான் வேலை செய்கிறோம். நடுவில் லேசான பள்ளம் அரிவாளுக்குத் தொந்தரவில்லை. மில்லிங் மெஷினில் சீவிப் பளபளவென்று சமமாக்கிய பழைய பட்டடையைத்தான் பாதி விலைக்கும் தொட மாட்டேன். சமமாக்க எடுத்தது அந்த அரை அங்குலத்திலிருந்துதான். வாங்குபவர் கண்ணுக்குப் புதிதாகத் தெரிவதால் அதற்கே கூடுதல் விலையும் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

கொம்பில் நான் அதிகம் வளைத்ததில்லை, அதனால் அதன் தேய்மானத்துக்கு விலையில் எதுவும் கழிக்கவில்லை. இரண்டு பேர் சம்மட்டி போடும் கனத்த வேலையும் இதில் மூன்று நான்கு முறைதான் நடந்திருக்கிறது. லாரியின் ஸ்பிரிங் பட்டை அடிப்பவர்களுக்கு 70 கிலோ போதுமா என்பதை அவர்களிடமே கேளுங்கள். என் வேலைக்கு, முகம் முழுவதும் குண்டு ஏழுக்கு மேல் எழுந்தால் கிலோ 200 வரை தயங்காமல் கொடுப்பேன். ஐந்து, ஆறு என்று இருந்தால் 100. அதற்கும் கீழே இருந்தால் இரும்பு விலை.

ஒன்றரை வருடமாகக் கருவேலக் கட்டை மேல் நிற்கிறது. போன மாதம் பக்கத்து ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து குண்டு போட்டுப் பார்த்துவிட்டு, 13,000-க்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தரவில்லை.