கொழும்பு வெள்ளவத்தை மாடியில் ஒரு கொயோட்டி ஊதல்: ஐந்து வருட அனுபவம்

2019இல் கனடாவின் அல்பேர்ட்டாவிலிருந்து வந்த அத்தான் மூன்று ஊதல்களைத் தந்தார். அடிபட்ட முயல் கத்துவதுபோல ஊதி, அங்கத்தைய நரி மாதிரியான கொயோட்டியைக் கிட்ட வரவைக்கும் வேட்டைச் சாமான்கள். "பழகிக்கொண்டு பனிக்கு வா. நீ ஊது, நான் சுடுறன்" என்றார். இடையில் கொரோனா. போனது 2022 டிசம்பரில்தான்.

முதலாவது, நாக்கு (அதிர்ந்து சத்தம் தரும் மெல்லிய தகடு) குழலுக்குள்ளே மூடியிருக்கும் வகை. ஊதினாலே முயல்தான். அரை மணியில் பழகலாம், ஆனால் ஒரே குரல். கடுங்குளிரில் எச்சில் உள்ளே உறைந்து, அங்கே அது ஊமையாகிவிட்டது. இரண்டாவது, அண்ணத்தில் ஒட்டி ஊதும் ரப்பர் சவ்வு. அது எனக்கு ஓங்காளம்தான் தந்தது. அதை விட்டுவிட்டேன். மிஞ்சியது திறந்த நாக்கு, அதாவது தகடு வெளியே தெரியும் வகை.

நாதஸ்வரச் சீவாளி போல, இதுவும் உதட்டின் பிடியில்தான் பேசும். நுனியில் பிடித்தால் எலியின் கீச்சு, உள்ளே தள்ளிப் பிடித்தால் ஊளை. எனக்கு முயல் வரவே இரண்டு மாதம் பிடித்தது. மரைன் டிரைவில் ரயில் போகும் நேரம் பார்த்து ஊதுவேன். ஒருநாள் மொட்டைமாடியில் ஊத, ஊர்க் காகம் எல்லாம் கூடிவிட்டது. கீழ்வீட்டு அன்ரி, "தம்பி, பூனைக்கு ஏதும் அடிபட்டிட்டுதோ?" என்று ஏறி வந்தார்.

அங்கே போனதும் நிறுத்தாமல் ஊதினேன். ஒன்றும் வரவில்லை. "சாகிற முயல் இவ்வளவு நேரம் கத்தாது" என்றார் அத்தான். மெதுவாகத் தொடங்கி, ஒரு நிமிடம் ஊதி, இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் இடம் மாற்றம். அடுத்த இடத்தில் ஒன்று வந்தது. நேராக வராமல், காற்று எங்களைத் தாண்டிப் போகும் பக்கமாகச் சுற்றி வந்து, எங்கள் வாடை பட்டதும் திரும்பி ஓடியது. அதன்பிறகு அந்தப் பக்கம் வெட்டையாகத் தெரியும் இடமாகப் பார்த்தே உட்கார்ந்தோம்.

மூன்றாவது இடத்தில் இன்னொன்று. ஊதலைக் கடித்தபடி ஊத மறந்துபோனேன். அத்தான்தான் புறங்கையை உதட்டால் உறிஞ்சிக் கீச்சிட்டு அதை நிற்கவைத்தார்.

வாங்குவதானால் இரண்டும் வாங்குங்கள்: பழக மூடியது, பிறகு திறந்தது. தியவன்னா சதுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். அங்கே மீன்பிடிப் பூனைகள் இருக்கின்றன, அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. நான் இப்போதும் ரயிலுக்குத்தான் ஊதுகிறேன்.